பச்சைக் கயிறும் பரல் ஆடுகளும்

முப்பத்தாறு வயதில் ரிடையர் ஆனவள் நான். இதைச் சொன்னால் ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர்கள்கூட ஒருமுறை மேலிருந்து கீழே பார்க்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி கூடாரப் பிரிவை மூடியது. நைலான் கூடாரம் வந்துவிட்டது. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மலை ஏறிவிடலாம். எங்கள் கான்வாஸ் கூடாரத்தைத் தூக்கக் கோவேறு கழுதை வேண்டும். ஆகவே கழுதையும் நானும் ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றோம்.

என்னிடம் வேலை பழகிய பெண்கள் இப்போது பூந்தமல்லிப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளைச் சோதித்து அனுப்புகிறார்கள். அவர்களில் ஒருத்திக்குப் போன மாதம் ஐயப்பன்தாங்கலில் கல்யாணம். பந்தியில் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அக்கா, அந்த ஆட்டுக் கதைய நீங்க சொல்லுங்க. பிலோமினா அக்கா சொல்றதுல கரடியெல்லாம் வருது" என்றார்கள். கரடி வரவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அதுதான். கரடி வரவே இல்லை.

என் ஊர் ஆவடியை ஒட்டிய வெள்ளானூர். நைனாவும் அம்மாவும் மற்றவர்கள் வயலில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பத்தாவது பாஸ் செய்த முதல் ஆள் நான். பன்னிரண்டாவது பாஸ் செய்த முதல் ஆளும் நானே. ரிசல்ட் வந்த பேப்பரில் என் நம்பர் இருந்த பக்கத்தை நைனா மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அது கிழிந்து துண்டு துண்டாகும்வரை ஊரில் எல்லோருக்கும் காட்டினார். படிக்கத் தெரியாத மனிதர். ஆனால் அந்த நம்பர் எந்த வரிசையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடுவார்.

கம்பெனியில் முதல் இரண்டு வருடம் தையல் மிஷினில் போயிற்று. கான்வாஸ் தைத்தால் தோள் எப்படி வலிக்கும் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு தேவசகாயம் சார் என்னைச் சோதனைப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்.

தேவசகாயம் சாரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற அதே வெள்ளைச் சட்டையைத்தான் வாரம் முழுக்கப் போடுவாரோ என்று தோன்றும், அவ்வளவு வெள்ளை. அவர் வாயிலிருந்து கேள்வியைத் தவிர வேறு எதுவும் வராது. "தையல் கோணலா இருக்கு" என்று சொல்லமாட்டார். "இந்தத் தையல் எந்த ஊருக்குப் போகுது?" என்று கேட்பார். நன்றாக இருந்தாலும் பாராட்டமாட்டார், "அடுத்தது எங்க?" என்பார். "அடுத்தது எங்க" என்று ஒருநாளில் நாலு முறை கேட்டுவிட்டால் அன்று நான் வீட்டுக்குப் பறந்துகொண்டு போவேன்.

கூடாரத்தை அவர் சோதிக்கும் முறை எஸ்டேட் முழுக்கப் பிரசித்தம். கூடாரத்தைக் கொல்லைப்பக்கம் நிறுத்துவோம். உள்ளே ஒரு மர ஸ்டூலைப் போட்டு, அவர் மாலைப் பேப்பரோடு போய் உட்கார்ந்துகொள்வார். வாசலைக் கட்டிவிட்டு நாங்கள் ஏணியில் ஏறிப் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுவோம். உள்ளேயிருந்து குரல் வரும்.

"மழை பெய்யுதா?"

"பெய்யுது சார்."

"இதுவா மழை?"

இன்னும் ஊற்றுவோம். அவர் பேப்பரை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு வெளியே வருவார். பேப்பரில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கூடாரம் ரிஜெக்ட். பேப்பர் காய்ந்திருந்தால் பாஸ். சில நாள் பேப்பர் நனையாமல் அவர் சட்டை மட்டும் நனைந்திருக்கும். வெயில் காலத்தில் கான்வாஸுக்குள் அடைத்து வைத்தால் வேறு என்ன ஆகும். அது வியர்வை, கணக்கில் வராது.

கயிற்றுக்கு வேறு சோதனை. கேன்டீனில் உடைந்துபோன ஓர் ஆட்டுக்கல்லைக் கயிற்றில் கட்டி, ஷெட் உத்தரத்திலிருந்து தொங்கவிடுவோம். மதியச் சாப்பாடு முடிந்து வரும்வரை கல் தரைக்கு வராமல் இருந்தால் கயிறு பாஸ்.

பாஸ் ஆனதற்கு முத்திரை குத்துவோம். சோதனை செய்பவர் ஒவ்வொருவருக்கும் பித்தளையில் ஒரு நம்பர். பாஸ் என்றால் ஊதா மை, ரிஜெக்ட் என்றால் சிவப்பு மை. எனக்கு ஏழாம் நம்பர். அதுவரை அந்தப் பிரிவில் எந்தப் பெண்ணுக்கும் முத்திரை கொடுத்ததில்லை. அதைக் கைக்குட்டையில் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் போவேன். ஒருநாள் மை கசிந்து நெஞ்சில் ஊதாவாக ஏழு பதிந்துவிட்டது. அம்மா பதறிப்போனாள். எனக்கு அதை அழிக்க மனம் வரவில்லை.

முத்திரைக்கு ஒரு வழக்கம் உண்டு. நம்பர் குத்திய சரக்கு வெளியே போய்த் தோற்றுவிட்டால், அந்த ஆளே முத்திரையைக் கொண்டுபோய்த் தேவசகாயம் சார் மேசைமேல் வைக்க வேண்டும். அவர் கேட்கமாட்டார். வைத்தால் டிராயரைத் திறந்து உள்ளே போட்டுக்கொள்வார். வைத்த ஆள் மறுநாள் பழைய மிஷினுக்குப் போய்விடுவார். எனக்கு முன்னால் மூன்றாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் அந்த டிராயருக்குள் போயிருந்தன. அவை திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை.

இனி ஆடு.

வடக்கே மலைப் பள்ளத்தாக்குகளில் காட்டு விலங்குகளை ஆராயும் ஒரு குழுவிடமிருந்து விசாரணை வந்தது. முதலில் ஆறு கூடாரம் வேண்டும். அவற்றை அங்கேயே நிறுத்திப் பார்த்து, குளிருக்கும் காற்றுக்கும் நின்றால் பெரிய ஆர்டர். கூடவே கம்பெனியிலிருந்து சோதனை செய்த ஆள் ஒருவரும், பழுது பார்க்கத் தையல்காரர் ஒருவரும் வர வேண்டும். இன்னொரு நிபந்தனை: எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும். விலங்குகளின் கண்ணில் படக்கூடாதாம். எங்கள் கூடாரத் துணி ஏற்கெனவே பச்சைதான். கயிறு மட்டும் எப்போதும் வெள்ளை. அதனால் வரலாற்றில் முதல் முறையாகக் கயிற்றுக்கும் சாயம் போட்டார்கள். ஷெட்டுக்குப் பின்னால் சாயக்கொப்பரை போடும் கோபால் அண்ணன், பருத்தியில் சாயம் பிடிப்பதற்காக உப்பு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். அந்த வருடம் ஊரெங்கும் தண்ணீர்ப் பஞ்சம். எஸ்டேட் கிணறு காய்ந்து, லாரித் தண்ணீரை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். கூடாரத்தின்மேல் ஊற்றிய தண்ணீரையே கால்வாய் வெட்டிப் பிடித்து மறுபடி ஊற்றினோம். அந்த நிலைமையில் கயிற்றை யார் நாலு தண்ணீரில் அலசுவார்கள்? ஒரே முக்கு. கயிறு பச்சையாக, அழகாக வந்தது. ஆட்டுக்கல்லைத் தாங்கியது. ஏழாம் நம்பர் குத்தினேன்.

போக வேண்டிய ஆள் நான் என்றார் தேவசகாயம் சார். "குத்தினது யாரு?" என்று மட்டும் கேட்டார். தையலுக்குப் பிலோமினா அக்கா. அவர் பட்டாபிராமிலிருந்து வருபவர். மூன்று பிள்ளைகளின் தாய். ஷெட்டில் முப்பது மிஷின் ஓடினாலும் அவர் குரல் தனியாகக் கேட்கும்.

வீட்டில் நைனா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "கொசஸ்தலை ஆத்தைத் தாண்டி நம்ம ஊட்ல யாரும் போனதில்ல. நீ நேரா இமயமலைக்கா போற?" என்றார்.

"வேலைக்குப் போறேன் நைனா."

"அங்க இன்னா வேலை?"

"கூடாரம் விழுதா நிக்குதான்னு பாக்கணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது பத்திரமா நின்னுக்கும். நீ பத்திரமா நில்லு" என்று சொல்லிவிட்டு ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு குரங்குக் குல்லாய் வாங்கி வந்தார். செப்டம்பர் மாதம் ஆவடியில் குரங்குக் குல்லாய் கேட்ட மனிதரைக் கடைக்காரர் எப்படிப் பார்த்திருப்பார் என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ரயில், பஸ், அதற்குப்பின் ஜீப். ஜீப் ஒரு கணவாயில் ஏறி மறுபக்கம் இறங்கியபோது பள்ளத்தாக்கு தெரிந்தது. எனக்கு அதுவரை மலை என்றால் பரங்கிமலை. இங்கே தலையை எவ்வளவு தூக்கினாலும் மலை முடியவில்லை. குல்லாய்தான் பின்னால் விழுந்தது. உச்சியெல்லாம் பனி. சரிவு முழுக்கக் குட்டைச் செடிகள் இலை சிவந்து, யாரோ மலைமேல் மிளகாய் காயப்போட்டது மாதிரி இருந்தது. கீழே ஆறு, அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் ஓடியது. ஆற்றோரம் சில மரங்கள் மட்டும் மஞ்சளாக, வெயில் பட்டால் சலங்கை மாதிரி நடுங்கின. வானம் அப்படி ஒரு நீலம். கோபால் அண்ணன் எத்தனை மூட்டை உப்பு போட்டாலும் அந்த நீலத்தைப் பிடிக்க முடியாது.

ஜீப்பிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்ததும் எனக்குத் தலை சுற்றியது. பிலோமினா அக்கா என்னைப் பிடிக்க வந்து, அவரும் சுற்றி, இருவரும் புல்லில் உட்கார்ந்துவிட்டோம்.

"அடியே மல்லிகா, எனக்கு மயக்கமா கீதுடி. வாயெல்லாம் கொமட்டுது. மூணு புள்ளைக்கி அப்புறம் ஊர்ல இன்னான்னு சொல்லுவேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. அக்காவும் சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தோம். அங்கே காற்று மெலிசு. தலைக்குள் யாரோ சோடாவை உடைத்துவிட்டது போல் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த நாட்கள் முழுக்க எனக்குள் அந்தச் சோடா அடங்கவே இல்லை.

குழுவின் தலைவர் ராகவன் சார் எங்களை வரவேற்க வந்தார். மதுரைக்காரர். தாடி, உரிந்துபோன மூக்கு. வெகுகாலமாக விலங்குகளின் பின்னால் பதுங்கித் திரிந்து, அவருக்குச் சாதாரணமாகப் பேசும் குரலே மறந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் கிசுகிசுப்பார்.

"வாங்க, வாங்க. பிரயாணமெல்லாம் நல்லா இருந்துச்சா?" என்றார், ஏதோ ரகசியம் சொல்வதுபோல்.

"இன்னா சார், யாராவது தூங்கறாங்களா?" என்று பிலோமினா அக்கா கேட்டார். அந்தக் குரல் எதிர் மலையில் மோதி இரண்டு முறை திரும்பி வந்தது. ராகவன் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் தேடி வந்தது பரல் என்ற காட்டு ஆட்டை. நீல ஆடு என்றும் சொல்வார்களாம். எனக்கு அது சிலேட்டு நிறமாகத்தான் தெரிந்தது. கோடை தொடங்கியதிலிருந்து அவர் அங்கே இருந்தார். இத்தனை மாதத்தில் அவர் கண்டதெல்லாம் எதிர்ப் பாறையில் புள்ளி புள்ளியாக நகர்ந்த சில உருவங்கள். டெலஸ்கோப்பை என்னிடம் கொடுத்துக் காட்டினார். எறும்பு மாதிரி ஏதோ ஊர்ந்தது. "ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகம் இருக்கும்" என்று கிசுகிசுத்தார். "ஒரே ஒரு தடவை பக்கத்துல பாத்துட்டா அடையாளம் வச்சுக்கலாம். விடவே மாட்டேங்குது."

கூடாரங்களை நிறுத்தினோம். ஆறும் கச்சிதமாக நின்றன. ஒரு வாரம் அப்படியே நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ராகவன் சார் தம் முடிவை எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதுவரை எனக்கு வேலை, கூடாரத்தைச் சுற்றி வருவதும் வேடிக்கை பார்ப்பதும்.

வேடிக்கைக்குப் பஞ்சமே இல்லை. காக்கைகள் வந்தன; மூக்கு மட்டும் மஞ்சள். "பொங்கலுக்கு மஞ்ச பூசிக்கினு வந்துகீது பாரு" என்றார் அக்கா. ஒரு பெரிய கழுகு எலும்பைத் தூக்கிக்கொண்டு மேலே போய், பாறையில் போட்டு உடைத்து, உள்ளே இருந்ததைத் தின்றது. புல்வெளியில் வளையிலிருந்து கொழுத்த ஒன்று எழுந்து நின்று, கையை மார்பில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து விசில் அடித்தது. மார்மட் என்றார் ராகவன் சார். குளிர்காலம் முழுக்கத் தூங்குமாம், அதனால் இப்போதே தின்று கொழுக்கிறது.

"பெருச்சாளிக்கு சொட்டர் போட்ட மாதிரி கீது" என்றார் அக்கா. "இன்னா தைரியம், பொம்பளைங்களைப் பாத்து விசிலடிக்குது."

நான் அவற்றின் பின்னால் ஓடினேன். ஓடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஓடி, தலை சுற்றி, விழுந்து, வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தேன். வெள்ளானூர் முனுசாமி மகள் மல்லிகா இங்கே படுத்திருக்கிறாள் என்று சத்தமாகவே சொன்னேன்.

மறுநாள் விடிந்தபோது ஒரு கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கயிறு நைந்து, ஈரமாக இருந்தது. பனி ஈரம் என்று நினைத்து வேறு கயிறு கட்டினேன். அதற்கடுத்த நாள் இன்னொரு கூடாரத்தில் கயிறு அறுந்தே கிடந்தது. அறுந்த நுனியில் பல் தடம். மார்மட் வேலை என்றார்கள். சிரிப்பெல்லாம் எனக்கு இறங்கிவிட்டது. ஆட்டுக்கல்லைத் தாங்கிய கயிறு, பெருச்சாளிக்குத் தாங்கவில்லை என்று எந்த வாயால் போய்ச் சொல்வேன்? டிராயர் திறக்கும் சத்தம் அங்கேயே காதில் கேட்டது.

மூன்றாம் நாள் விடியலில் என் கூடாரம் லேசாக ஆடியது. காற்று இல்லை. சளப் சளப் என்று ஒரு சத்தம். வாசல் துணியை விரலால் விலக்கிப் பார்த்தேன்.

ஒரு கை எட்டும் தூரத்தில் ஓர் ஆட்டு முகம். மூக்கில் ஆவி. தங்க நிறக் கண், அதன் நடுவே படுக்கைவாட்டில் ஒரு கறுப்புக் கோடு. அது என் கயிற்றை, குழந்தை குச்சி ஐஸ் தின்பதுபோல், அடியிலிருந்து நுனிவரை நக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் குட்டிகள், தாய்கள், முகாம் முழுக்க ஆடுகள். ஒவ்வொரு கயிற்றிலும் இரண்டு மூன்று. யாருடைய கண்ணிலும் படக்கூடாது என்று பச்சையாகப் போட்ட ஆறு கூடாரத்தையும் சுற்றி ஒரு பந்தியே உட்கார்ந்திருந்தது. என் கயிற்றை நக்கிய ஆடு என்னை நிமிர்ந்து பார்த்தது. பார்த்துவிட்டு, நான் முக்கியமில்லை என்று முடிவு செய்து, மறுபடி நக்கப் போயிற்று.

அந்த நேரம் பிலோமினா அக்காவின் கூடாரம் விழுந்தது. விழுந்த கான்வாஸ் எழுந்து நின்று, "எவன்டா அவன்? என் கூடாரத்தை இஸ்துகினு போறவன்?" என்று கத்தியது. ஆடுகள் எல்லாம் ஒரே பாய்ச்சலில் மலைமேல் ஏறி மறைந்தன. கான்வாஸ் மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முகாமைச் சுற்றி வந்தது. பிற்காலத்தில் கரடியானது இதுதான்.

ராகவன் சார் உள்பனியனோடு புல்லில் முழங்காலிட்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "கத்தாதீங்கம்மா, தயவு செஞ்சு கத்தாதீங்க" என்று கிசுகிசுத்தார். "நான் முகம் பாத்துட்டேன். முகம் பாத்துட்டேன்."

நான் போய்க் கயிற்றின் நுனியை எடுத்து வாயில் வைத்தேன்.

"என்ன பண்றீங்க?" என்றார்.

"டெஸ்டிங் சார்."

உப்பு. சும்மா உப்பு இல்லை, ஊறுகாய் உப்பு. கோபால் அண்ணன் கொப்பரையும், மூட்டையும், அந்த ஒரே முக்கும் ஒரு நொடியில் கண் முன்னால் வந்து நின்றன. மலையில் உப்பு கிடைக்காது, அதற்காக விலங்குகள் எவ்வளவு தூரமும் வரும் என்றார் ராகவன் சார். நாங்கள் அம்பத்தூரிலிருந்து ஆறு கூடாரம் நிறைய உப்புக்கண்டம் கொண்டுவந்து விரித்திருந்தோம்.

விஷயம் தெரிந்ததும், கயிற்றையெல்லாம் அவிழ்த்து அலசப் போகிறேன் என்றேன். ராகவன் சார் என் முன்னால் வந்து நின்றார்.

"அலசாதீங்க. அப்படியே இருக்கட்டும். கூடாரம் பாஸ்னு இப்பவே எழுதிக் கையெழுத்துப் போடறேன். விழுந்ததைப் பத்தி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். எனக்கு அந்த ஆடு வந்தாப் போதும்."

பிலோமினா அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். "வாங்கிக்கடி. கையெழுத்தை வாங்கிகினு கம்முனு ஊட்டுக்குப் போயிடலாம். உன் சீலு உன் கையில. ஆர்டரு கம்பெனி கையில. ஆட்டுக்கு உப்பு. யாருக்குடி நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டம் இல்லை என்பது எனக்கும் புரிந்தது. அந்தக் கையெழுத்து கிடைத்தால் ஏழாம் நம்பர் என்னுடையது. ஆனால் என் எதிரில் என் நம்பர் குத்திய கூடாரம் தரையில் கிடந்தது. அதன்மேல் ஊதா மையில் அந்த ஏழு தெரிந்தது. தரையில் கிடப்பதைப் பாஸ் என்று ஒருவர் எழுதி, அதை நான் வாங்கிக்கொண்டு போனால், பிறகு அந்த முத்திரையை எந்த நெஞ்சில் வைத்துக்கொள்வது?

"விழுந்த கூடாரத்துக்கு பாஸ் வேணாம் சார். நான் அலசி நிறுத்தறேன். நின்னா நின்னதுன்னு எழுதுங்க. கயிறு முதல்ல தோத்துச்சுன்னும் எழுதணும்."

"உங்களுக்கு என்ன இவ்ளோ கர்வம்?" என்றார். அப்போதும் கிசுகிசுப்புதான்.

"ஆமா சார்" என்றேன்.

சமையல் குண்டானில் வெந்நீர் வைத்தேன். ஒவ்வொரு கயிறாக அவிழ்த்து, முக்கிக் கசக்கிப் பிழிந்தேன். திட்டிக்கொண்டே அக்காவும் உட்கார்ந்தார். சாயத் தண்ணீரை ஆற்றில் கொட்டக்கூடாது, மீன் இருக்கிறது என்றார் ராகவன் சார், கோபத்திலும். ஆகவே அந்தப் பச்சைத் தண்ணீரைக் குண்டானோடு தூக்கிக்கொண்டு, முகாமுக்கு எதிரே இருந்த சரிவில் ஏறினோம். எங்கோ தூரத்தில் கொட்டுவதாகத்தான் எண்ணம். பாதியிலேயே இருவருக்கும் தலை சுற்றிவிட்டது. குண்டான் கவிழ்ந்து, அகலமான ஒரு பாறைமேல் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. அக்கா பாறையில் சறுக்கி உட்கார்ந்தார். புடவை பச்சை. என் கை பச்சை. போன சிரிப்பு முழுதாகத் திரும்பி வந்தது. திரும்பத் திரும்ப அலசி, நான் நக்கிப் பார்த்து ஒன்றும் ருசிக்காமல் போகும்வரை அலசி, எல்லாத் தண்ணீரும் அதே பாறைக்குத்தான் போயிற்று. அதைத் தாண்டித் தூக்க எங்களுக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலை ஆறு கூடாரமும் நின்றன. ஒரு கயிறும் ஈரமில்லை. முகாமில் ஓர் ஆடும் இல்லை. ராகவன் சார் டீ டம்ளரோடு, என்னைப் பார்க்காமல், எதிர்ச் சரிவைப் பார்த்தார். டம்ளர் கீழே விழுந்தது.

பாறைமேல் இடமில்லை. ராத்திரிக் காற்றில் தண்ணீர் காய்ந்து உப்பு பூத்திருக்க வேண்டும். மொத்தக் கூட்டமும் அங்கே நின்று பாறையை நக்கிக்கொண்டிருந்தது. முகாமிலிருந்து பார்த்தாலே கண், கொம்பு, காதுக் கிழிசல் எல்லாம் தெரிந்தது. எங்கள் பக்கம் அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராகவன் சார் புல்லில் குப்புறப் படுத்து, ஒவ்வொன்றுக்கும் பேர் வைக்க ஆரம்பித்தார். மற்றவற்றை முட்டித் தள்ளிவிட்டு நடுவில் போய் நின்ற ஒரு பெண் ஆட்டுக்குப் பிலோமினா என்று பேர்.

"சார்" என்றார் அக்கா, வாழ்க்கையில் முதல் முறையாகக் கிசுகிசுத்து. "அது கொஞ்சம் குண்டா கீதே."

வாரக் கடைசியில் காற்று அடித்தது. கூடவே பொடிப் பனி, யாரோ மேலே உட்கார்ந்து ரவை சலிப்பதுபோல். நாக்கை நீட்டி அதையும் ருசி பார்த்தேன். கூடாரங்கள் அசையவில்லை. நான் கேட்டபடியே ராகவன் சார் எழுதிக் கொடுத்தார்: கயிறு முதலில் தோற்றது, அலசிய பிறகு கூடாரங்கள் நன்றாக நின்றன.

அம்பத்தூருக்குத் திரும்பிய அன்று நேராகத் தேவசகாயம் சார் மேசைக்குப் போனேன். காகிதத்தை வைத்தேன். பக்கத்தில் ஏழாம் நம்பரை வைத்தேன். டிராயர் பாதி திறந்திருந்தது. அவர் படித்தார். முத்திரையைத் தொடவில்லை.

"இழுத்து அறுந்துச்சா, கடிச்சு அறுந்துச்சா?"

"கடிச்சு சார். உப்பு. சாயத்துக்குப் போட்டதை சரியா அலசலை."

"நீ வர்றதுக்கு முன்னாடியே பெரிய ஆர்டர் வந்திருக்கு, தெரியுமா? கயித்துல உப்பு இருக்கக்கூடாதுன்னு எழுதியிருக்காங்க, எப்படிப் பாக்கறது?"

அவர் எழுந்து போய், ஷெட்டுக்குப் பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்த புதுக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி வந்தார். நின்றபடியே வாயில் வைத்தார். வெள்ளைச் சட்டை, பச்சைக் கயிறு. முகம் சுருங்கியது. இன்னொரு துண்டை என்னிடம் நீட்டினார்.

"நீ என்ன சொல்ற?"

சப்பிப் பார்த்தேன். "உப்பு இருக்கு சார்."

"எவ்வளவு?"

"ஒரு கும்பா ரசத்துக்குப் போதும்."

"அப்போ?"

"ரிஜெக்ட் சார்."

"ரிஜெக்ட்னா சும்மா நின்னுக்கிட்டிருந்தா ஆச்சா? அதுல யார் நம்பர் குத்தறது?"

சொல்லிவிட்டு டிராயரை முழங்காலால் தள்ளி மூடினார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் முத்திரையை மேசையிலிருந்து பொறுக்கிக்கொண்டு, சிவப்பு மைப் பெட்டியோடு ஓடினேன். கொடியில் தொங்கிய கயிற்றுக் கட்டுகளின் அட்டைகளில், ஒன்று விடாமல், ஏழு, ஏழு, ஏழு என்று குத்திக்கொண்டே போனேன்.

கோபால் அண்ணன் கொப்பரைக் கரண்டியோடு ஓடி வந்தார். "ஏம்மா, இன்னா அக்கிரமம் இது? நேத்து ஃபுல்லா நின்னு போட்ட சரக்கு. எவன் சொன்னான் ரிஜெக்ட்டுன்னு?"

நான் திரும்பி நின்று, பச்சை நாக்கை முழுசாக நீட்டிக் காட்டினேன்.